டீசல் காரின் புகையைப் பார்த்து வாங்குங்கள்

கோலியர்ஸ் வுட்டில் பழைய டீசல் கார் ஒன்று மலிவாய் வருகிறதா? விலை பேச முன்னர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். முன்னரே சூடாக்கி வைத்த கார் தன் குறையை மறைத்துவிடும்.

கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. முதலில் எயார் பில்ரரைப் பாருங்கள். சில பவுண்களோடு அலுவல் முடியலாம். அது சுத்தமென்றால் ரேர்போக் குழாயில் வெடிப்பு, ஈ.ஜி.ஆர் வால்வில் கரி, இன்ஜெக்ரர் பழுது என்று தேட வேண்டும்.

நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பிஸ்ரன் றிங்கோ ரேர்போவோ போயிருந்தால் திருத்தக்கூலி காரின் விலையையே தாண்டும். விட்டுவிடுங்கள்.

குளிர்காலையில் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய எங்கள் ஆட்களுக்குப் புகை புதிதல்ல. இங்கே அப்படியில்லை. புகைவடி பூட்டிய டீசல் காரில் எந்த நிறப் புகை தெரிந்தாலும் எம்.ஓ.ரி கிடையாது, 2018 மே முதல் இதுதான் சட்டம்.

இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் கோலியர்ஸ் வுட்டும் யூலெஸ் வலயத்துக்குள் வந்துவிட்டது. யூரோ 6 தரமில்லாத டீசல் கார், புகையே விடாவிட்டாலும், ஓடும் நாளுக்கு 12.50 பவுண். நள்ளிரவோடு நாள் மாறும். இரவு வேலைக்குப் போய் விடியத் திரும்பினால் 25 பவுண்! நம்பரை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.