ஆட்சித் தலைமைப் பயிற்சியும் மட்டக்களப்பு வாவியும்

நல்லாட்சி சட்டத்தினால் மட்டும் அமைவதன்று. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரிகளின் ஆற்றலினாலும் அமைவதாகும். ஆதலின், அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளைச் சீர்திருத்தத்துக்குத் தலைமை தாங்கவல்லவராய்ப் பயிற்றுவித்தல் இன்று பல நாடுகளிலும் இன்றியமையாத பணியாகக் கருதப்படுகின்றது. இலங்கையில் இப்பயிற்சி வளர்ந்த வகையும், அது நிறைவு செய்யவேண்டிய தேவையும் ஈண்டு நோக்கற்பாலன.

பிரித்தானியர் வகுத்த சிவில் சேவையின் முதன்மை நோக்கங்கள் வரி திரட்டலும் அமைதி காத்தலுமாம். 1963 மே 1ஆம் நாள் அச்சேவை ஒழிந்து, நிருவாக சேவை தோன்றிற்று. அவ்வாண்டிலேயே கிராமங்களில் விதானைமாரின் இடத்தைக் கிராமசேவகர் பெற்றனர். ஆளும் அதிகாரி அபிவிருத்திப் பணியாளராக மாறவேண்டியிருந்தமையின், அவருக்குப் புதிய கல்வியும் வேண்டப்பட்டது. 1966இல் நிருவாகப் பயிற்சிக்கெனக் கொழும்பில் ஒரு கழகம் நிறுவப்பட்டது. 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் அது இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகமாயிற்று. நிருவாக சேவைக்குப் புதிதாகத் தெரிவானோர்க்கும், பதவியிலுள்ள உயர் அதிகாரிகளுக்கும் அங்கே பயிற்சி அளிக்கப்படுகின்றது.

சட்டம், நிதிப் பிரமாணம், திட்டமிடல் ஆகியவற்றை வகுப்பறையிற் கற்பிக்கலாம். ஆயின், தலைமை என்பது யாது? இவ்வினாவுக்கு மட்டக்களப்பு வாவியே தக்க உதாரணம் தருகின்றது.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரை. வரண்ட காலத்திற் கடலலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுகின்றது. வடகீழ்ப் பருவமழை பெய்ததும் வாவி பெருகிப் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களிற் பரவுகின்றது. நெற்பயிர் அழுகுமென அஞ்சும் உழவர் மணற்றிட்டை உடனே வெட்டவேண்டும் என்பர். வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்பர் வாவி மீனவர். வெட்டத் தாமதித்தால் வெள்ளம் வீடுகளுட் புகும். முந்தி வெட்டினால் ஒரு சாராரின் பிழைப்புக் கெடும்.

நீர்ப்பாசனம், கடற்றொழில், கமநலம், உள்ளூராட்சி என ஒவ்வொரு திணைக்களமும் தன் தன் எல்லைக்குள் நிற்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மத்திய அரசு, மாகாண சபை என்னும் பிரிவும் சேர்ந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச செயலாளர்க்கு அதிகாரங்களைப் பகிர்ந்தது. இத்துணைப் பிரிவுகளையும் ஒருங்கே கூட்டி முடிவு காணவேண்டிய பொறுப்பு மாவட்ட நிருவாகத்தைச் சார்கின்றது.

மழை பெய்தபின் அவசரமாய்க் கூடி மணலை வெட்டுவிப்பது நிருவாகம். எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது, பாதிப்புற்றோர்க்கு யாது செய்வது என்பவற்றை உழவரும் மீனவரும் உடன்பட, மழைக்கு முன்னரே வரையறுத்து, ஆண்டுதோறும் அதனைக் கைக்கொள்ளச் செய்வதே சீர்திருத்தம். அதிகாரி இடம் மாறிச் செல்வார். நல்ல முறையோ அவருக்குப் பின்னும் நிற்கும்.

ஆகவே, உயர் அதிகாரியின் பயிற்சி வகுப்பறையோடு முடிதல் தகாது. இரு கரையாரின் சொல்லையும் அவர்தம் மொழியிலேயே கேட்டறிதலும், தம் ஆணைக்கு உட்படாத திணைக்களத்தாரையும் இணங்கச் செய்தலும் அதன் பகுதிகளாதல் வேண்டும். கோவையை மட்டும் அறிந்தவர் பதவியை நடத்துவார். வாவியையும் அறிந்தவரே மாற்றத்தை நடத்துவார்.