சங்கிலியை இழுத்த சின்ன மாநிலம்

அமெரிக்காவின் முதல் அரசியல் சட்டம் இன்றுள்ளது அல்ல. 1781-இல் அமலுக்கு வந்த கூட்டமைப்பு ஒப்பந்தம். அதில் மத்திய அரசான காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. 13 மாநிலங்களிடமும் பணம் கேட்கலாம். கொடுப்பது அவர்கள் இஷ்டம்.

போர்க் கடனை அடைக்க 5 சதவீத இறக்குமதித் தீர்வை போட நினைத்தார்கள். ஒப்பந்தத்தைத் திருத்த அத்தனை மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். 1782-இல் மிகச் சிறிய ரோட் ஐலண்ட் மறுத்தது. ஒரே பயணி அபாயச் சங்கிலியை இழுத்தால் முழு ரயிலும் நிற்பதில்லையா, அந்தக் கதைதான்! அடுத்த ஆண்டே சம்பளப் பாக்கி கேட்டுச் சிப்பாய்கள் சூழ்ந்துகொள்ள, காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டே வெளியேறியது.

1787-இல் எழுதிய புதிய சட்டம் வரி அதிகாரம் தந்தது. 9 மாநிலங்கள் ஏற்றாலே போதும் என்றும் வைத்தார்கள். ரோட் ஐலண்ட் 1790-இல் கடைசியாக ஏறிக்கொண்டது.