பவரை ஆஃப் செய்யாமலே கார்டு மாற்றலாமா?



எதைக் கழற்றினாலும் முதலில் மெயினை ஆஃப் செய் என்பதுதான் ஒர்க்‌ஷாப்பில் நாம் படித்த முதல் பாடம். ஆனால் பெரிய ரவுட்டர்களில் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டர்ஃபேஸ் கார்டை உருவி, வேறு கார்டைச் செருகுகிறார்கள். இதற்கு 'ஹாட் ஸ்வாப்' என்று பெயர்.

இது எதற்கு? ஒரு ரவுட்டரில் பல கார்டுகள். ஒவ்வொன்றிலும் பல லைன்கள். ஒரு கார்டு பழுதானதற்காக மொத்தத்தையும் நிறுத்தினால் நல்ல லைன்களும் சேர்ந்து படுத்துவிடும். என் அப்பா கைத்தறி நெசவாளி. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தித்தான் முடிச்சுப் போடுவார். ரவுட்டரை அப்படி நிறுத்த முடியாது. மறுமுனையில் ஒரு பேங்கோ ஆஸ்பத்திரியோ இருக்கலாம்.

சும்மா செருகினால் என்ன ஆகும்? கார்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். பவர் பட்டதும் ஒரே மூச்சில் கரண்ட்டை இழுக்கும். பேக்பிளேனில் வோல்டேஜ் சரிந்து, பக்கத்துக் கார்டுகளும் ரீசெட் ஆகிவிடலாம்.

இதைத் தடுக்கத்தான் பின்களை வெவ்வேறு நீளத்தில் வைக்கிறார்கள். நீளமான கிரவுண்ட், பவர் பின்கள் முதலில் தொடும். பிறகு சிக்னல் பின்கள். கடைசியில் ஒரு குட்டைப் பின், 'கார்டு முழுசா உட்கார்ந்தாச்சு' என்று சொல்லும். உருவும்போது இந்தக் குட்டைப் பின்தான் முதலில் விடும். ரவுட்டர் முன்கூட்டியே உஷாராகிவிடும். கூடவே ஒரு மாஸ்ஃபெட் சர்க்யூட் கரண்ட்டை மெதுவாக ஏற்றும். நம்பாதவர்கள் பென் டிரைவின் பட்டையான யு.எஸ்.பி. முனையைப் பாருங்கள். ஓரத்தில் உள்ள பவர், கிரவுண்ட் தகடுகள் நடுவில் உள்ள இரண்டைவிட நீளம்!

அடுத்தது சாஃப்ட்வேர். 1995-ல் வந்த சிஸ்கோ 7500 வரிசையில், அதே வகைக் கார்டைச் செருகினால் பழைய கான்ஃபிகரேஷனோடு வேலை தொடரும். வேறு வகை என்றால், நாம் கட்டளை கொடுக்கும்வரை அதன் போர்ட்டுகள் மூடியே இருக்கும்.

ஆனால் ஒன்று! எல்லா ரவுட்டரிலும் இது நடக்காது. சிஸ்கோ 2600-ல் பவரை ஆஃப் செய்துதான் மாட்யூலை மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். நாளை வேலையில் நம் கைக்கு வரும் ஒரு கார்டின் விலை, நம்மில் பலர் வீட்டின் வருஷ வருமானத்தைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே நண்பர்களே, முதலில் மேனுவலைப் படியுங்கள். மணிக்கட்டில் ஆன்டிஸ்டேடிக் பட்டையைக் கட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்டை மட்டும் தொடுங்கள். அப்புறம் தைரியமாக லீவரைத் திறக்கலாம்!