சுவர் எழுத்தும் நகரத்தின் மறுமொழியும்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒருநாள் காலை மதிற்சுவரில் கரித்துண்டால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ‘பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்பதே அவ்வரி. அதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆயினும் எனக்குச் சினம் மூண்டது. மதிலுக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தோம். ஆளை வரவழைத்து மீண்டும் சுண்ணாம்பு பூசச் செய்தேன். மறுநாள் அதே வரி வேறோர் இடத்தில் காணப்பட்டது. மேல்வகுப்பு மாணவியரின் நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்தை ஒப்புநோக்கத் தலைப்பட்டேன். அவ்வேளையில் குடிநீர்ப் பானையை நிரப்ப வந்த ஆயா, “எழுதினது யாருன்னு தேடுறீங்களே ஐயா, தாழ்ப்பாள் இருக்கான்னு யாராவது போய்ப் பாத்தாங்களா?” என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அன்று பிற்பகலே தச்சர் வந்தார். அந்த இரண்டு நாளும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நாணமாகவே இருக்கிறது.

பள்ளி மதிலில் நிகழ்ந்த இது, நகரங்களில் பெரிய அளவில் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. செய்தித்தாளும் மேடையும் உடையவர் அவற்றில் பேசுவர்; இரண்டும் இல்லாதவர் சுவரில் எழுதுவர், அல்லது தெருவில் கூடுவர். அப்போது நகரம் செய்வது யாது? எழுதிய கையைத் தேடுகிறதா, எழுதப்பட்ட செய்தியைப் படிக்கிறதா?

இவ்வகையில் நம் காரைக்கால் பகுதிக்குத் தனியொரு வரலாறு உண்டு. 1739 முதல் 1954 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இப்பகுதி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். பாரிஸ் நகரத்துப் பழைய சுவர்களில் ‘சுவரொட்டி ஒட்டலாகாது, 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டம்’ என்னும் எழுத்துகளை இன்றும் காணலாம். வேடிக்கை என்னவெனில், ஒட்டாதே என்று மிரட்டுவதற்குத் துணையாக அழைக்கப்படும் அச்சட்டந்தான் பிரான்சில் பத்திரிகைகளுக்கு விடுதலை அளித்த சட்டமும் ஆகும். வெள்ளைத் தாளில் சுவரொட்டி அச்சிடும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு என்றும் அது விதித்தது. ஏனையோர் வண்ணத்தாளைத்தான் நாடவேண்டும். அரசின் அறிவிப்பையும் குடிமகனின் குரலையும் தொலைவிலிருந்தே பிரித்தறிய வேண்டும் என்பது அதன் கருத்து. குடியேற்ற நாடுகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் எனப்பட்டது. பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் 1908இல் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தபோது, ஆங்கிலேயரின் அடக்குமுறை எட்டாத பிரெஞ்சு மண்ணைத்தான் அது நாடி வந்தது.

இன்று கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் நாம் காணும் சுவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சட்டம் ஒன்று உண்டு. பொதுமக்கள் பார்வையில் படும் இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் இத்தகைய சட்டம் 1959இலேயே வந்துவிட்டது. இச்சட்டங்கள் வேண்டாதவை என்று நான் சொல்லமாட்டேன். பொங்கலுக்குக் கடன் வாங்கி வெள்ளையடித்த வீட்டுக்காரர், விடிந்ததும் தம் சுவரில் பிறர் எழுத்தைக் கண்டால் மனம் நோவார் அல்லரோ? ஆயினும் திரைப்படச் சுவரொட்டியும், கண்ணீர் அஞ்சலியும், தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே இச்சுவர் எங்களுக்கு என்று கட்சிகள் எழுதிவைக்கும் முன்பதிவும் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்க, குறை சொல்லும் எழுத்து மட்டும் ஒரே இரவில் மறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சென்னை மாநகராட்சி வேறொரு வழியைக் கையாண்டு பார்த்தது. 2010ஆம் ஆண்டை ஒட்டி, அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளின் சுவர்களில் தமிழர் கலைகளையும் கோயில்களையும் ஓவியமாகத் தீட்டச் செய்தது. சுவரொட்டிகள் குறைந்தன, கண்ணுக்கும் இதமாக இருந்தது. ஒட்டியவர்களின் குறை என்ன ஆயிற்று என்பதற்கு ஓவியம் விடை கூறவில்லை. கூறவும் இயலாது.

சுவரே இல்லாத ஓர் எழுத்தை அதே சென்னை 2019இல் கண்டது. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள், மார்கழி மாதத்துக் காலையில், பெசன்ட் நகரில் சில பெண்களும் இளைஞர்களும் தெருவில் கோலமிட்டனர். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்பது கோலத்தில் இருந்த செய்தி. அச்சட்டம் நன்றா தீதா என்பது வேறு வினா. அதை நீங்கள் படித்து, ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். இங்கு நான் காட்ட விரும்புவது நகரத்தின் மறுமொழியை. முன் அனுமதி இன்றிக் கூடினர் என்று காவல்துறையினர் சிலரைப் பிடித்துச் சென்று, பின்னர் விடுவித்தனர். கோலமாவோ காற்றுக்கும் காலடிக்கும் மாலைக்குள் அழியக்கூடிய பொருள். விட்டிருந்தால் அதுவே அழிந்திருக்கும். மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர்களின் வீட்டு வாயில்களிலும், பிற ஊர்களில் எத்தனையோ வாசல்களிலும் அதே செய்தி கோலமாக விரிந்தது. வீட்டுக்கு வீடு சென்று வாசலைத் தடுக்க எந்தக் காவல்துறையால் இயலும்?

இதற்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்னர், 2017 ஜனவரியில், மெரினாக் கடற்கரை சல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர் கூட்டத்தால் நிறைந்தது. 17ஆம் நாள் தொடங்கிய அக்கூட்டத்துக்கு நகரம் முதலில் அளித்த மறுமொழி வியக்கத்தக்கது. மக்கள் உணவும் நீரும் கொண்டுவந்து கொடுத்தனர். இளைஞர்களே குப்பையை அகற்றினர். போக்குவரத்தையும் ஒழுங்கு செய்தனர். 21ஆம் நாள் அவசரச் சட்டமும் பிறந்தது. ஆனால் 23ஆம் நாள் விடியலில், எஞ்சியிருந்தோரைக் காவல்துறையினர் அகற்றப் புகுந்தனர். அன்று பகலில் தடியடியும் தீவைப்பும் நிகழ்ந்தன. நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. போராட்டத்தில் இருந்தவருக்கும் அரசுக்கும் இடையே மூண்ட பகையில் பிழைப்பை இழந்தவர் மீன் விற்கும் பெண்கள். அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. கோரிய சட்டம் வரும் நாளிலேயே தடியும் ஏன் வந்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அதன்பின் மெரினாவின் கதவு சாத்தப்பட்டது எனலாம். 2018 ஏப்ரலில், காவிரிக்காக ஒருநாள் உண்ணாநோன்பு இருக்க உழவர் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவுக்கு உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இசைவளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டிலேயே அக்கடற்கரை போராட்டத்துக்கு உரிய இடம் அன்று என்றும் முடிவாயிற்று. உச்சநீதிமன்றத்தின் நிலையையும் இங்குச் சொல்லவேண்டும். தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் மறுக்கும் அதிகாரத்தை வரையறையின்றி ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கலாகாது என்று 1970களின் தொடக்கத்தில் அகமதாபாத் வழக்கொன்றில் அது தீர்ப்பளித்தது. பொதுவழியைக் கால வரையறையின்றி அடைத்துக்கொள்ளலாகாது என்று 2020இல் டெல்லி ஷாகீன்பாக் வழக்கில் கூறியதும் அதே நீதிமன்றந்தான்.

ஆகவே வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் என்று இடம் ஒதுக்குவதை நான் குறை கூறவில்லை. நமக்கு அண்மையிலுள்ள திருவாரூரில் சோழ மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆராய்ச்சி மணியும் ஒதுக்கப்பட்ட இடந்தானே! ஆனால் அது தொங்கியது அரண்மனை வாயிலில்; மன்னன் செவிக்கு எட்டும் தொலைவில். பசு மணியை அசைத்ததும் மன்னன் எழுந்து வந்தான் என்பதுதான் கதை. ஒதுக்கிய இடத்தில் வெயிலில் அமர்ந்திருப்போரிடம் மனுவை வாங்க ஓர் அதிகாரியாவது வருகிறாரா என்று, அவ்வழியே செல்லும்போது நீங்கள் உற்று நோக்குங்கள்.

நம் புதுச்சேரியில் 1936இல் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் விட இயலாது. அவ்வாண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப்பின், லியோன் புளும் அமைச்சரவை தொழிலாளருக்கு வாரம் நாற்பது மணி நேர வேலையை ஏற்றுக்கொண்டது. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் புதுச்சேரிப் பஞ்சாலைகளில் பாடுபட்டவர்கள் வேலைநேரக் குறைப்பும் கூலி உயர்வும் கேட்டுப் போராடினர். ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பன்னிருவர் மாண்டனர். 1937 ஏப்ரலில் வந்த தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் அமைப்பதற்கும் வழிசெய்தது. ஜூலையில் கேட்டவையும் ஏப்ரலில் கிடைத்தவையும் பெரிதும் ஒன்றே. அப்பன்னிருவரின் நினைவாக, இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரியில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி மாலை சூட்டுகின்றனர்.