வானத்தை வாசித்த குடும்பம்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற வியப்பின் வழியாகத்தான் தாகூர் குடும்பத்தின் இரண்டு தலைமுறைகள் தங்களுக்குள் இருக்கும் தெய்வத்தைத் தேடின. வழி நெடுகச் சண்டைகளுக்கும் குறைவில்லை.

1937 கோடையில் அல்மோராவுக்குப் போனபோது ரவீந்திரநாத் தாகூருக்கு 76 வயது. நோபல் பரிசு வாங்கி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. குருதேவர் என்று நாடே கொண்டாடிய அந்த மனிதர், குமாவுன் மலையில் கிடைத்த ஓய்வைக் கவிதைக்குச் செலவிடவில்லை. அணு என்பது என்ன, நட்சத்திரங்கள் ஏன் ஒளிர்கின்றன, சூரியனும் கிரகங்களும் எப்படித் தோன்றின என்பதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும் வங்காளத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சாந்திநிகேதனில் பௌதிகம் கற்பித்த பிரமதநாத் சென்குப்தாவிடம்தான் முதலில் இந்த வேலை தரப்பட்டிருந்தது. அவர் எழுதியதைத் திருத்த உட்கார்ந்த தாகூர், கடைசியில் புத்தகத்தையே தானே எழுதிவிட்டார்.

'விஸ்வ பரிசய்' என்ற அந்தச் சிறு நூல் அதே ஆண்டில் வெளியானது. சமர்ப்பணம் பௌதிக மேதை சத்யேந்திரநாத் போஸுக்கு. சமர்ப்பணக் கடிதத்தில் தாகூர் தன் தகுதியைப் பற்றி ஒளிவுமறைவு வைத்துக்கொள்ளவில்லை. முறையாக விஞ்ஞானம் படித்தவரல்ல அவர். ராபர்ட் பால் போன்றவர்களின் வானியல் நூல்களைப் படிக்கும்போது கணக்குகள் வரும் பக்கங்களைத் தாண்டிக்கொண்டு போனவர். ஆனால் ருசி மட்டும் சிறு வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டது என்கிறார்.

ருசி காட்டியவர் தந்தை. 1873இல், பூணூல் போட்டதும் மொட்டையடித்த தலையோடு இருந்த 11 வயது மகனை தேவேந்திரநாத் தாகூர் இமயமலைக்கு அழைத்துப் போனார். போல்பூர், அமிர்தசரஸ் வழியாக டல்ஹௌசிக்குப் பயணம். பகல் முழுக்க மலைப்பாதை. இரவு தங்குவதற்குப் பயணிகள் பங்களா. பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொள்வார் தந்தை. மலைகளுக்கு மேல் நட்சத்திரங்கள் மிக அருகில் இறங்கி வந்ததுபோல இருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சூரியனிலிருந்து கிரகங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு காலமாகிறது என்று விளக்குவார். கேட்டதை வைத்துப் பையன் ஒரு கட்டுரையே எழுதினான். விடியற்காலையில் அதே தந்தை உபநிஷத்து மந்திரங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் வானியலும் வழிபாடும் வேறு வேறு அலமாரிகளில் வைக்கப்படவில்லை.

ஆனால் தேவேந்திரநாத்துக்கு இந்த நிம்மதி சுலபத்தில் கிடைத்ததல்ல. கல்கத்தாவின் பெரும் செல்வரான 'பிரின்ஸ்' துவாரகாநாத்தின் மூத்த மகன் அவர். பாட்டியின் கடைசி நேரத்தில் கங்கைக் கரையில் உட்கார்ந்திருந்த இரவில் காரணம் புரியாத ஓர் ஆனந்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே அது போயும்விட்டது. போனதைத் திரும்பப் பிடிக்கும் முயற்சியாகத்தான் அவருடைய இளமைக்காலம் கழிந்தது. ஐரோப்பியத் தத்துவ நூல்களைப் புரட்டினார். அவை காட்டிய உலகம் இயற்கை என்ற இரக்கமற்ற இயந்திரமாக இருந்தது. அப்போது ஒரு நாள், சிறு வயதில் நட்சத்திரங்கள் நிறைந்த வானத்தைப் பார்த்தபோது எல்லையற்ற ஒன்றை உணர்ந்தது மின்னலைப்போல நினைவுக்கு வந்தது என்று சுயசரிதையில் எழுதுகிறார். இத்தனை பெரிய வானத்தைப் படைத்தவன் ஒரு கைப்பிடிச் சிலைக்குள் அடங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அன்றோடு விக்கிரக வழிபாடு அவரைவிட்டுப் போயிற்று.

சற்றுக் காலம் கழித்து ஒரு கிழிந்த தாள் அவர் கண்முன் பறந்து வந்தது. சமஸ்கிருதம். பொருள் புரியவில்லை. வீட்டுப் பண்டிதருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பிரம்ம சபையின் ராமச்சந்திர வித்யாவாகீசர் பார்த்துவிட்டு, அது ஈசாவாஸ்ய உபநிஷத்தின் பக்கம் என்றார். அசைகிற அனைத்தையும் இறைவன் உறைகிற இடமாகக் காணச் சொல்லும் நூல் அது. தன் மனத்தில் இருந்ததற்கு வெளியிலிருந்து சாட்சி கிடைத்ததுபோல தேவேந்திரநாத் பூரித்துப்போனார். 1839இல் தத்துவபோதினி சபை பிறந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல. 1846இல் துவாரகாநாத் லண்டனில் இறந்தார். விக்கிரகச் சடங்குகளோடு சிராத்தம் செய்ய மகன் மறுத்துவிட்டார். உறவினர்கள் ஒதுங்கினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குடும்பத்தின் வர்த்தக நிறுவனமும் சரிந்தது. சொத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளையாக எழுதி வைத்திருந்ததால் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. சட்டம் காத்த அந்தச் சொத்தையும் முன்வைத்து, பல ஆண்டுகளில் கடனை அடைத்தார் தேவேந்திரநாத்.

அதைவிடச் சங்கடமான சோதனை அவர் நடத்திய பத்திரிகைக்குள்ளேயே காத்திருந்தது. 1843இல் தொடங்கிய 'தத்துவபோதினி பத்திரிகா'வின் ஆசிரியர் அக்ஷய் குமார் தத்தா. வறுமையில் வளர்ந்து, சொந்த முயற்சியில் கணிதமும் வானியலும் பௌதிகமும் கற்றவர். பிரார்த்தனையின் மதிப்பை அவர் ஒரு சமன்பாடாகவே போட்டுக் காட்டியது பிரசித்தம். உழைப்பினால் விளைச்சல் கிடைக்கிறது. உழைப்போடு பிரார்த்தனையைச் சேர்த்தாலும் அதே விளைச்சல்தான். எனவே பிரார்த்தனையின் மதிப்பு பூஜ்யம். இப்படி ஒருவரை ஆசிரியராக வைத்துக்கொண்டு மதப் பத்திரிகை நடத்திய துணிச்சலை இன்றைய மதத் தலைவர்கள் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

வேதம் பிழையற்றது, இறைவன் அருளியது என்ற நம்பிக்கையை தத்தா விடாமல் கேள்வி கேட்டார். தேவேந்திரநாத் வேதங்களைக் கற்றுவர நான்கு மாணவர்களைக் காசிக்கு அனுப்பியிருந்தார். தானும் போய்ப் பார்த்தார். நெடிய வாதத்துக்குப் பிறகு, 1850ஐ ஒட்டி, பிரம்ம சமாஜம் வேதத்தின் பிழையின்மையைக் கைவிட்டது. அப்படியானால் எதன் மேல் நிற்பது? நூலை நம்பி ஏறியவருக்கு நூல் இல்லை. சிலையை முன்பே விட்டாயிற்று. தெளிந்த அறிவின் ஒளி படர்ந்த இதயமே ஆதாரம் என்று முடிவுக்கு வந்தார் தேவேந்திரநாத். உபநிஷத்திலும் அந்த இதயம் ஒப்புக்கொள்வதையே எடுத்துக்கொள்வது, ஒப்பாததை விட்டுவிடுவது. அவரைத் தனக்குள்ளே பார்க்க வைத்ததில் வானத்துக்கு எவ்வளவு பங்கோ, எதிர்த்து வாதாடிய அந்த நாத்திகச் சாயல் கொண்ட ஆசிரியருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கடவுளோடு தனக்கு என்ன உறவு என்று தான் தேட, வெளியுலகத்தோடு மனிதனுக்கு என்ன உறவு என்று தத்தா தேடுவதாகவும், இரண்டுக்கும் இடையே மலையளவு தூரம் என்றும் சுயசரிதையில் குறைப்பட்டுக்கொள்கிறார் தேவேந்திரநாத். மகன் அந்தத் தூரத்தை நடந்து கடக்கப் பார்த்தார் என்று சொல்லலாம்.

ரவீந்திரநாத்துக்கு அது முதலில் நிகழ்ந்தது மலையிலோ ஆசிரமத்திலோ அல்ல, கல்கத்தாவின் சடர் வீதியில். 1882இல் ஒரு காலை. வயது 21. வராந்தாவில் நின்றபடி, ஃப்ரீ ஸ்கூல் வீதி மரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரெனக் கண்களை மூடியிருந்த திரை விலகியது. தெருவில் போன கூலிக்காரனும் தோளில் கை போட்டு நடந்த இளைஞர்களும் ஒரே பேரலையின் துளிகளாகத் தெரிந்தார்கள். சில நாட்கள் நீடித்தது அந்த நிலை. இமயமலையில் இது இன்னும் ஆழமாகும் என்று நம்பி டார்ஜிலிங் போனார். அங்கே ஒன்றுமே நிகழவில்லை. பனிமலை வெறும் பனிமலையாக நின்றது. சன்னியாசப் பாதையில் தாகூர் போகாததற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிறகு பத்மா நதிக்கரை வாழ்க்கை. குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொண்டு படகில் வசித்த 1890களில் அண்ணன் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று விசித்திரமானது. பூமி கடலுக்குள்ளிருந்து தலை தூக்கி முதன்முதலாகச் சூரியனை வணங்கிய காலத்தில், அந்தப் புதிய மண்ணில் தான் ஒரு மரமாகத் தளிர்த்திருந்ததாக உணர்வதாக எழுதுகிறார். வெறும் கற்பனை என்று தள்ளிவிடலாம். ஆனால் இதிலிருந்துதான் 'ஜீவன் தேவதா' என்ற கருத்து உருவாகிறது. கோவிலில் இருக்கிற பொதுத் தெய்வம் அல்ல அது. பிரபஞ்சத்தின் ஆதியிலிருந்து எத்தனையோ உருவங்கள் வழியாகத் தன்னை நடத்திக்கொண்டு வந்து, இப்போது தன் உள்ளிருந்து வாழ்வையும் எழுத்தையும் கோக்கிற ஒரு தனித் துணை.

1904இல் தன்னைப் பற்றிய ஒரு கட்டுரையில் அவர் இதைச் சொன்னதும் நாடக ஆசிரியர் த்விஜேந்திரலால் ராய் பாய்ந்துவிட்டார். தன் கவிதைக்குத் தெய்வ முத்திரை குத்திக்கொள்ளும் ஆணவம் இது என்றார். அந்தக் கோபத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. உள்ளே தெய்வம் இருக்கிறது என்று சொல்பவர் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான்: இருப்பது தெய்வமா, நீங்களா?

தாகூர் அந்தக் கேள்விக்குத் தந்த பதில், பெரும்பாலும் மற்றவர்களின் வழியாக வந்தது. 1930இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றி, மறு ஆண்டில் 'மனிதனின் மதம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலான சொற்பொழிவுகளில் அவர் சாட்சிக்கு அழைப்பது வங்காளத்து பாவுல் பாடகர்களை. ஏக்தாராவோடு ஊர் ஊராகத் திரியும் இவர்களுக்குக் கோவிலும் இல்லை, மசூதியும் இல்லை. தேடுவது 'மனேர் மானுஷ்', நெஞ்சுக்குள் இருக்கும் மனிதனை. படிப்பறிவில்லாத இவர்களிடம் கண்டதும் உபநிஷத்தில் படித்ததும் ஒன்றாகவே இருந்தது தாகூருக்கு. எனவே உள்ளே இருப்பது ஒருவரின் தனிச் சொத்தல்ல.

அதே ஆண்டு ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகே காபுத் கிராமத்தில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். பிரபஞ்சத்தின் உண்மை மனித மனத்தைச் சாராதது என்பது விஞ்ஞானியின் நிலை. மனிதனால் உணரப்படாத உண்மை நமக்கு உண்மையே அல்ல என்பது கவிஞரின் நிலை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் நிலையை நிரூபிக்க முடியாது, ஆனால் அதுவே தன் மதம் என்று ஐன்ஸ்டைன் ஒப்புக்கொண்டதுதான் சுவாரஸ்யம். அப்படியானால் உங்களைவிட நான் அதிக மதப்பற்று உள்ளவன் என்று வேடிக்கையும் செய்தார்.

இதையெல்லாம் வைத்து தாகூரை விஞ்ஞானத்துக்கு எதிரான மறைஞானி என்று எண்ணினால் 1934ஐப் பார்க்க வேண்டும். ஜனவரி 15 அன்று பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார் காந்தி. தீண்டாமையை எதிர்ப்பதில் தாகூர் அவருக்குக் குறைந்தவரல்ல. இருந்தும் பொறுக்கவில்லை. இயற்கையின் அழிவுகளுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு, இப்படிப் பேசுவது மக்களின் பகுத்தறிவின்மைக்குத் தீனி போடும் என்று எழுதினார். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே, தன் பதிலோடு வெளியிட்டார். இடிபாடுகளில் செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் தாகூரின் பதற்றம் புரியும்.

வியப்புக்கும் வீம்புக்கும் நடுவே உள்ள கோட்டை இன்னும் கூர்மையாகக் காட்டியவர் மேக்நாத் சாஹா. நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க 1920இல் வழி கண்ட விஞ்ஞானி. ஏழைக் குடும்பம், சாதியின் அவமானத்தை மாணவர் விடுதியிலேயே அனுபவித்தவர். 1938இல் சாந்திநிகேதனில் அவர் ஆற்றிய உரை விவாதத்தைக் கிளப்பியது. அதைத் தொடர்ந்து எழுதியபோது டாக்கா வக்கீல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். சாஹாவின் ஆராய்ச்சி என்ன என்று ஆர்வமாகக் கேட்ட அந்தப் பெரியவர், சொல்லச் சொல்ல, இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்தில் உள்ளதுதானே என்றாராம். எந்தப் பகுதியில் என்று கேட்டபோது, தான் வேதம் படித்ததில்லை என்றாராம். படித்திருந்தால் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129வது பாடலைப் பார்த்திருப்பார். படைப்பு எப்படி நிகழ்ந்தது என்பது மேலே இருந்து கண்காணிப்பவனுக்காவது தெரியுமோ, அவனுக்கும் தெரியாதோ என்ற சந்தேகத்தில் முடிகிற பாடல் அது.

'விஸ்வ பரிசய்' இந்த வம்பில் மாட்டவில்லை. பரமாணு லோகம், நட்சத்திர லோகம், சூரிய மண்டலம், கிரக லோகம், பூலோகம் என்று போகும் அத்தியாயங்களில் ஸ்லோகங்களை நிரூபிக்கும் வேலை இல்லை. சூரியனுக்கு அருகே வந்த இன்னொரு நட்சத்திரம் இழுத்ததில் கிரகங்கள் பிறந்தன என்று அன்றைய விஞ்ஞானிகள் நம்பியதைச் சொல்கிறார். அந்தக் கொள்கையை விஞ்ஞானம் பின்னால் கைவிட்டது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்லப்படுவதும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தாகூரின் நம்பிக்கைக்கு இதனால் சேதம் வரவில்லை. அது எந்தக் கொள்கையின் மேலும் கட்டப்பட்டதல்ல. முடிவுரையில் மட்டும் தன் ஆசையை அடக்க முடியாமல், ஜடமான பூமியில் உயிர் எப்படி வந்தது, உயிருக்குள் மனம் எப்படி வந்தது என்று கேட்கிறார்.

1937 செப்டம்பரில், புத்தகம் அச்சேறிக்கொண்டிருந்த சமயத்தில், சாந்திநிகேதனில் தாகூர் திடீரென நினைவிழந்தார். இரண்டு நாள் போல மயக்கத்தில் கிடந்து மீண்டவர், அந்த இருட்டைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். 'பிராந்திக்' என்ற அத்தொகுப்பு 1938இல் வந்தது. சமர்ப்பணம் பெற்ற போஸ், 1948இல் வங்காளத்தில் விஞ்ஞானம் பரப்ப ஒரு அமைப்பைத் தொடங்கி, 'ஞான் ஓ விஞ்ஞான்' என்ற பத்திரிகையும் நடத்தினார்.

சாந்திநிகேதன் நிலத்தை தேவேந்திரநாத் 1863இல் நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தபோது அது ஏழிலைப்பாலை மரங்கள் நிற்கும் பொட்டல்வெளி. 1891இல் எழுந்த பிரார்த்தனை மண்டபத்துக்குச் சுவர்கள் வண்ணக் கண்ணாடியால் ஆனவை. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த வளாகத்தில், புதன்கிழமைகளில் அந்த மண்டபத்தில் பிரார்த்தனை நடப்பது மரபு. உள்ளே விக்கிரகம் கிடையாது. கண்ணாடி வழியாக வெளிச்சம் வருகிறது.