வல்வையிலிருந்து அமெரிக்கா வரை

கொழும்புத் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்கள் நிறைந்திருந்த காலத்திலே, காற்றையும் பாயையும் நம்பி அத்திலாந்திக்கைக் கடந்த ஒரு தமிழ்க் கப்பலைப் பற்றி அறிவீர்களா? வல்வை எனப்படும் வல்வெட்டித்துறையின் கைவினைஞர் வேம்பு முதலிய மரங்களால் இழைத்து, முன்மரத்தில் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் பொருத்திக் கடலில் இறக்கிய அன்னபூரணி என்னும் அந்தக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று நாமகரணம் செய்தார்.

பெயர் மாறினும் அதைச் செலுத்திய கரங்கள் மாறவில்லை. தண்டையல் என்னும் மாலுமித் தலைவரான தம்பிப்பிள்ளையும் அவருடைய வல்வைத் தோழர்களும், ஊரையும் உற்றாரையும் பிரிந்து, செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா ஆகியவற்றைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் நங்கூரமிட்டனர். கப்பலை வாங்கியவரின் நாமத்தோடு இந்தத் தண்டையலின் நாமத்தையும் நம் பிள்ளைகள் பாடசாலையிலே கற்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.