சமுதாய வானொலி: ஊரின் குரல்

வானொலி என்றவுடன் பெருநகர நிலையங்களும், பயிற்சி பெற்ற அறிவிப்பாளர்களும், திரைப்படப் பாடல்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கேளாத வானொலிகளும் நம் நாட்டில் உண்டு. அவற்றைச் சமுதாய வானொலி என்பர். அவற்றின் எல்லை சிறியது. எனினும், அவ்வெல்லைக்குள் வாழும் மக்களே அங்குப் பேசுவோரும் கேட்போரும் ஆவர்.

இயங்கும் முறை

சமுதாய வானொலி பண்பலையில் இயங்குகிறது. இதன் ஒலிபரப்புக் கருவி பொதுவாக 50 வாட் திறனுடையது. வீட்டு மின்விசிறி ஒன்றிற்குத் தேவைப்படும் ஆற்றலை இதனோடு ஒப்பிடலாம். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், குன்றுகளும் உயர்ந்த கட்டடங்களும் அவற்றைத் தடுக்கும். ஆகவே, உயரமான கம்பத்தின் மீது ஆண்டெனாவைப் பொருத்துவர். சிறிய அறை, ஒலிவாங்கி, கணினி, ஒலிபரப்புக் கருவி ஆகியவை இருந்தால் நிலையம் இயங்கத் தொடங்கிவிடும்.

வளர்ந்த வரலாறு

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதன்பின், கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002ஆம் ஆண்டு இசைவு தரப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு இவ்வாய்ப்பு 2006ஆம் ஆண்டில்தான் கிட்டியது. தனிமனிதரும் அரசியல் கட்சிகளும் இலாபம் கருதும் நிறுவனங்களும் இவ்வகை உரிமம் பெற இயலாது. நிகழ்ச்சிகளுள் பாதியேனும் அவ்வூரிலேயே உருவாக வேண்டும் என்பதும் விதியாகும்.

சங்கம் வானொலி

தெலங்கானா மாநிலத்தில் ஜஹீராபாதிற்கு அருகே பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உள்ளது. அப்பகுதியின் ஏழை உழவர் பெண்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சங்கங்களாக ஒன்றுகூடி வாழ்வை மேம்படுத்தி வந்தனர். உரிமம் கிடைக்கும் முன்னரே அவர்கள் தங்கள் பேச்சையும் பாட்டையும் ஒலிநாடாக்களில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். பல்லாண்டுக் காத்திருப்பிற்குப் பின், 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் வானொலி' 90.4 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது.

வயல்வேலை முடிந்து மக்கள் இல்லம் திரும்பும் மாலை ஏழு மணிக்கு ஒலிபரப்பு தொடங்கும். மரபு விதைகளைப் பாதுகாக்கும் முறை, சிறுதானியச் சாகுபடி, உடல்நலம், விழாக்கால வழக்கங்கள் ஆகியன அவர்கள் அன்றாடம் பேசும் தெலுங்கு வழக்கிலேயே ஒலிக்கும்.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஏட்டறிவு பெறாதவரிடம் அறிவே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், எந்த மண்ணில் எந்த விதை முளைக்கும் என்பதை அப்பெண்கள் நன்கறிவர். அவர்தம் அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அது பேசப்படாவிடின் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். பேச்சு வழக்கு கொச்சையானது என்று ஒதுக்கப்பட்டால், அதனோடு அவ்வழக்கில் வாழும் அறிவும் ஒதுக்கப்படும்.

எதிர்கொள்ளும் இடர்கள்

சமுதாய வானொலிகள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப இயலாது. ஆகாசவாணியின் செய்திகளையே ஒலிபரப்பலாம். விளம்பர வருவாயும் குறைவு. எனவே, பல நிலையங்கள் தன்னார்வலர்களின் உழைப்பால்தான் நிலைத்துள்ளன.

மாணவர்களே! நீங்கள் வாழும் ஊரில் எந்த மொழி பேசப்படினும், அங்கும் நூலில் ஏறாத அறிவுடைய முதியவர் இருப்பர். அவர் கூறுவதைக் கேட்டு எழுதி வைப்பதும் சமுதாய வானொலி ஆற்றும் பணியை ஒத்ததே.

சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
இடர் – துன்பம்
கொச்சை – திருத்தமற்ற பேச்சு

விடை எழுதுக

1. பண்பலை ஆண்டெனாவை உயரத்தில் அமைப்பது ஏன்?
2. உரிமம் கிடைக்கும் முன் பஸ்தாபூர்ப் பெண்கள் என்ன செய்தனர்?
3. உங்கள் ஊரில் சமுதாய வானொலி தொடங்கினால், முதலில் யாரைப் பேச அழைப்பீர்கள்? ஏன்?